இலங்கை வழி வரும் மிளகு: ஒப்பந்தமே தப்பா, கண்காணிப்புதான் தப்பா?

தாண்டிக்குடியான்:
இந்திய-இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தத்திலிருந்து மிளகை எடுத்துவிட வேண்டும். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இது. இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லாமல் வரலாம். 2017 வாக்கில் வியட்நாம் மிளகு நேராக வந்தால் 50 சதவீதத்துக்கு மேல் சுங்கவரி. அந்தச் சரக்கு கொழும்பில் இறங்கி, இலங்கைச் சரக்கு என்ற பெயரில் இங்கே வந்தது. இங்கே விலை விழுந்தது. தாண்டிக்குடி மலையில், காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, கொடி கொடியாக ஏறிப் பறிக்கிற கூலிகூட எங்களுக்குத் தேறவில்லை.

மாத்தளை மிளகு:
அண்ணே, அந்தக் கள்ளச் சரக்கால் இலங்கையில் நாங்களும்தான் அடிபட்டோம். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது; அதற்குக் கீழான விலையில் இறக்கக் கூடாது. நிஜமான இலங்கை மிளகும் அதில் மாட்டியது. வீட்டுத் தோட்டத்தில் கிளிசரிடியா மரத்தில் நாலு கொடி ஏற்றி வைத்திருப்பவன் எந்த வியட்நாம் சரக்கைக் கண்டான்? எங்கள் மிளகில் எண்ணெயும் காரமும் கூடுதல். சாறு எடுக்கும் ஆலைகள் அதற்காகவே தேடி வாங்குகின்றன. மறுஏற்றுமதிக்காக மிளகு இறக்குவதை 2019 கடைசியில் எங்கள் அரசே தடை செய்தது.

தாண்டிக்குடியான்:
தடை வந்தது சரி, அதற்குள் எத்தனை அறுவடை போனது? வனஸ்பதியிலும் இதே கதைதான். தென்கிழக்கு ஆசியப் பாமாயிலை இலங்கை ஆலையில் பதப்படுத்தி, வரிச்சலுகையோடு இங்கே அனுப்பினார்கள். கடைசியில் 2,50,000 டன் என்று உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்குத் திறந்த கதவில் தூரத்து ஆள் நுழைகிறான்.

துறைமுகத்தான்:
அந்த வனஸ்பதி ஆலைகளில் இந்திய முதலீடு நிறைய இருந்தது. அதையும் சொல்லுங்கள். அப்புறம், இந்த ஒப்பந்தத்திலிருந்து மிளகை எடுத்தாலும் சாப்டா (தெற்காசிய நாடுகளின் தடையற்ற வணிக ஒப்பந்தம்) வழி இருக்கிறது. அதில் 8 சதவீதம்தான் வரி. அதனால் பிடிக்க வேண்டிய இடம், சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்று காட்டும் உற்பத்தி நாட்டுச் சான்றிதழ். 2020 செப்டம்பர் முதல், சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. சரக்கு எங்கே விளைந்தது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், சுங்கத்துறை கேட்டால் காட்ட வேண்டும். நல்ல விதி. ஒழுங்காகச் செயல்படுத்தினால் இரண்டு பக்கமும் பிழைக்கும்.

தாண்டிக்குடியான்:
"ஒழுங்காக" என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. மலையில் இருக்கிற எங்களுக்கு எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு இறங்கியது என்பதே விலை விழுந்த பிறகுதான் தெரிகிறது.

மாத்தளை மிளகு:
அப்படியென்றால் அதைக் கேட்போம். எங்கள் மாவட்டவாரி விளைச்சல் கணக்கையும் உங்கள் துறைமுக வரவையும் மாதாமாதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடட்டும். விளைந்ததைவிட அதிகம் அனுப்பினால் அங்கேயே நிறுத்தட்டும். எங்கள் சங்கத்திலிருந்து மனு கொடுக்க நான் தயார்.

தாண்டிக்குடியான்:
கணக்கு வெளியாகட்டும், எங்கள் பக்கமும் மனுவில் கையெழுத்துப் போடுகிறோம். அதுவரை குறைந்தபட்ச விலையைத் தளர்த்தக் கூடாது என்பதில் நான் மாறமாட்டேன்.