முதல் லாரி வேலை: எந்த ஓனரிடம் சேர்க்கலாம்?

நாமக்கல், சங்ககிரி பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க. தம்பி ஒருத்தன் புதுசா ஹெவி லைசென்ஸ் எடுத்திருக்கான். கேஸ் டேங்கருக்குக் கூப்பிடுறாங்க. அதுக்கு அபாயகரமான சரக்குக்கான 3 நாள் பயிற்சி முடிச்சு லைசென்ஸில் பதியணும், அதனால இப்போ வேண்டாம். இன்னொருத்தர் ஜல்லி டிப்பர், டிரிப் கணக்குல சம்பளம். டிரிப் கணக்குன்னா தூக்கம் போயிடும், ஓவர்லோடும் கூடவே வரும். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி ஓவர்லோடுக்கு அபராதமே 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதை டிரைவர் படியிலதான் பிடிப்பாங்க.

முதல் வருஷம் சீனியர் டிரைவரோட டபுள் டிரைவரா அனுப்புற ஓனர்தான் வேணும். எஃப்சி (வண்டியோட தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் ரெண்டையும் எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டுப் பார்த்துக்கலாம். தெரியாதது இதுதான்: டயர் வெடிச்சா, சரக்கு குறைஞ்சா யார் தலையில கட்டுறாங்க? டீசல் கணக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு, லோடு வண்டிக்கும் காலி வண்டிக்கும் தனித்தனியா பேசுறாங்களா? அசல் லைசென்ஸை வாங்கி வெச்சுக்கிற இடம் வேண்டவே வேண்டாம்.