கலைச்சொல் முன்மொழிவு: மறுமுளைப்பு, முளைக்கண்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

வீட்டுக் கணினியிலிருந்து உளவுநிரல்களையும் நச்சுநிரல்களையும் அகற்றும் முறையைப் பற்றி நாம் எழுதிவரும் கையேட்டில், 'பெர்சிஸ்டன்ஸ்' என்ற ஒரு சொல் மட்டும் மூன்று வாரமாக இழுபறியில் கிடக்கிறது. கணினியை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகும், தன் கோப்பை ஒருவர் அழித்துவிட்ட பிறகும், தான் மறுபடி ஓடுவதற்காகத் தீநிரல் (கெடுதல் செய்யும் எந்த நிரலும்) முன்கூட்டியே செய்துவைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையே அச்சொல் குறிக்கிறது.

'ஸ்பைவேர்' என்பதற்கு 'உளவுநிரல்' என்று முடிவு செய்ததில் எனக்கு மறுப்பில்லை. வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கியிருப்பதால் 'ஒற்றுநிரல்' என்ற சொல்லின்மேல் எனக்கு ஓர் ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் பள்ளியில் படித்த எவருக்கும் 'ஒற்று' என்றதும் அது மிகும் இடமும் மிகா இடமும் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

தாங்கள் முன்வைத்த 'நிலைபேறு' அழகான சொல். இருப்பினும் அது இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று பணிவுடன் கருதுகிறேன். இலங்கைத் தமிழர் 'நிலைபேறான அபிவிருத்தி' என்று எழுதுகிறார்கள். அங்கே அது நாம் வேண்டிப் பெறும் நன்மை. 'நிலைத்தன்மை' என்றால் கணினி தடுமாறாமல் ஓடுகிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். தரவு அழியாமல் சேமிப்பில் தங்குவதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் குறிக்கிறார்கள். அதற்கு வேண்டுமானால் 'நிலைப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். ஈப்போ அன்பர் சொன்ன 'விடாப்பிடி', பயனரின் எரிச்சலைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் ஏதோ அந்த நிரலுக்குப் பிடிவாதக் குணம் இருப்பதைப்போல எண்ணவைத்து, கையை எங்கே வைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

எனக்கு இது உறைத்தது கோலாலம்பூரின் செந்தூலில், எங்கள் அடுக்குமாடியில் இரண்டு கதவு தள்ளி வசிக்கும் ஓர் அக்காவின் வீட்டில். அவருடைய மகன் இலவசக் காணொளி மாற்றி ஒன்றை இறக்கி நிறுவியதிலிருந்து, உலாவியைத் திறந்தால் யாரும் கேட்டிராத ஒரு தேடுபக்கம் வந்து நின்றது. ஒரு பழுதுபார்ப்புக் கடையில் 80 ரிங்கிட் கொடுத்துச் 'சுத்தம்' செய்து எடுத்துவந்திருந்தார். அன்றிரவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நான் போய் நிரலை முறைப்படி நீக்கி, அதன் கோப்புறையையும் அழித்து, கணினியை மறுபடி இயக்கினேன். தேநீர் ஆறுவதற்குள் கோப்புறை பழைய இடத்திலேயே இருந்தது. ஓடிக்கொண்டிருந்த நிரல்களைப் பார்த்தபோது வெவ்வேறு பெயரில் இரண்டு இருந்தன. ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதை எழுப்பிவிட்டது. விண்டோஸின் அடிப்படைப் பகுதிகள் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் நுழைந்து இரண்டையும் அழித்தேன். வழக்கமான முறையில் திறந்த சற்று நேரத்தில் அதே தேடுபக்கம்.

பிறகு ஆட்டோரன்ஸ் என்ற கருவியைக் கொண்டு, விண்டோஸ் தானாக இயக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் பணி அட்டவணையில், ஏதோ இற்றைப்படுத்தும் வேலையைப்போலப் பெயர் சூட்டிக்கொண்டு ஒரு பதிவு இருந்தது. மணிக்கு ஒருமுறையும் கணினி தொடங்கும்போதும் அது விழித்து, நிரல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இணையத்திலிருந்து புதிதாக இறக்கி வைத்தது. நான் அத்தனை நேரமும் அழித்துக்கொண்டிருந்தது மேலே தெரிந்ததை மட்டுந்தான்.

கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த அந்த அக்கா, திரையைப் பார்க்காமலேயே, "லாலான் புல்லுதான் தம்பி இது. மேல அறுத்து என்ன செய்ய? அடியில கெடக்குறத இல்ல தோண்டி எடுக்கணும்" என்றார். கணினியைத் தட்டச்சுக்கு மேல் அறியாதவர், நாம் மூன்று வாரமாகத் தேடிய பொருள்விளக்கத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஆகவே என் முன்மொழிவு இது. தீநிரல் அழித்த பின்னும் திரும்பிவரும் தன்மையை 'மறுமுளைப்பு' என்போம். அது எந்த இடத்திலிருந்து கிளம்புகிறதோ அந்த இடத்தை, கிழங்கில் முளை விடும் கண்ணை நினைத்து, 'முளைக்கண்' என்போம். தொடக்கக் கோப்புறை, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) உள்ள 'ரன்' பதிவுகள், பணி அட்டவணை, பின்னணியில் ஓடும் சேவைகள் ஆகிய நான்கும் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் காணக்கூடிய முளைக்கண்கள். இரண்டு சொற்களுள் எனக்கு இரண்டாவதே முக்கியம். 'மறுமுளைப்பு' நிகழ்ந்ததைச் சொல்கிறது. 'முளைக்கண்' தேட வேண்டிய இடத்தைச் சொல்கிறது. "முதலில் கோப்பை அழி" என்று எழுதுவதற்கும், "முதலில் முளைக்கண்ணைக் கண்டுபிடி, அதை முடக்கு, அதன் பிறகு கோப்பை அழி" என்று எழுதுவதற்கும் இடையில்தான் ஒரு மாலைப்பொழுது வீணாவதும் வீணாகாததும் இருக்கிறது.

சில முளைக்கண்கள் நம் கைக்கு எட்டாதவை. 2018-இல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய லோஜாக்ஸ் என்ற தீநிரல், மதர்போர்டில் கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் இருக்கும் ஃபர்ம்வேர் சில்லிலேயே குடியேறியது. விண்டோஸை மீண்டும் நிறுவினாலும், ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் அது போகவில்லை. வீட்டுப் பயனர் அஞ்ச வேண்டிய வகை அன்று, ஆனால் சொல் அதற்கும் தாங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ரூட்கிட்' என்பதற்கு 'வேர்க்கருவி' என்று பட்டியலில் ஏறியிருப்பதை எடுத்துவிட வேண்டும். அங்குள்ள 'ரூட்' யூனிக்ஸ் முறைமையில் எல்லா அதிகாரமும் பெற்ற பயனர் கணக்கின் பெயர். செடியின் வேரை அது குறிக்கவில்லை. ரூட்கிட்டின் முதன்மையான வேலை, தீநிரல் இருப்பதை மறைப்பது. 2005-இல் சோனி பிஎம்ஜி இசைக் குறுவட்டுகளோடு வந்த நிரலைக் கணினி வல்லுநர் மார்க் ரசினோவிச் அம்பலப்படுத்தியபோது, குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்துவந்தது தெரிந்தது. 'மறைப்புநிரல்' என்பது போதும்.

தங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன், ஐயா.

* * *

அன்புத் தம்பிக்கு,

நிலைபேற்றை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அபிவிருத்தி என்ற எடுத்துக்காட்டு என் வாயை அடைத்துவிட்டது. 'மறுமுளைப்பு' நன்று. 'மறு' என்பதற்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. இங்கே அதுவும் பழுதில்லை.

முளைக்கண்ணில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, 'கண்' ஏழாம் வேற்றுமை உருபாகவும் வருவது. "முளைக்கண் உள்ள பதிவு" என்று நீங்கள் எழுதினால், பழைய நடையில் பழகியவர் முளையில் உள்ள பதிவு என்று படிப்பார். அப்படிப் படிப்பவர் இந்நாளில் சிலரே என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்தச் சிலரில் நான் ஒருவன்.

இரண்டாவது தடை தாவரத்தைப் பற்றியது. நானும் புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டப்பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே படிப்பித்தவன்தான். லாலானுக்கு நெருப்பு வைத்தால் கரிந்து, சில நாளில் முன்னைவிடப் பசுமையாகக் கிளம்பும். மண்ணுக்கடியில் ஓடுவது வேரோ கிழங்கோ அன்று. இஞ்சிக்கு இருப்பதைப் போன்ற மட்டநிலத் தண்டு. தண்டு என்பதால் அதற்குக் கணு உண்டு; முளை வருவது அந்தக் கணுவில். மண்வெட்டியால் துண்டு துண்டாக்கினாலும், கணு உள்ள துண்டு ஒவ்வொன்றும் தனிப்புல்லாகும். ஆகவே 'முளைக்கணு' என்று வையுங்கள். வினைத்தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாது. 'முளைக்கு உரிய கணு' என்று விரித்துக்கொண்டால் மிகும். நீங்கள் பெயராகவே கொண்டிருக்கிறீர்கள், அதனால் ஒற்றோடு எழுதுவதே சரி.

உங்கள் வயிறு கலங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

* * *

மதிப்பிற்குரிய ஐயா,

உருபு மயக்கத்தை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. கணுவுக்கு எதிராக ஒன்று மட்டும் என் கையில் இருக்கிறது: வலையமைப்பு நூல்களில் 'நோட்' என்பதற்கு ஏற்கெனவே 'கணு' புழங்குகிறது. ஒரு சொல் இரண்டு பொருளில் அலைவது கலைச்சொல்லுக்கு அழகன்று. ஆயினும் வீட்டுக் கணினிக் கையேட்டில் வலையமைப்பின் கணுவுக்கு வேலையே இல்லை. தனிக்கணுவாக விடாமல் எங்கும் 'முளைக்கணு' என்று முழுச்சொல்லாகவே எழுதினால் இடறல் வராது. நெருப்புக்குத் தப்புவதும் துண்டுதோறும் முளைப்பதும் தீநிரலுக்கு அப்படியே பொருந்துவதால், தங்கள் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். கடையில் செய்த 'சுத்தம்' அந்த நெருப்புதான்.

சொல் நடக்கிறதா என்று பார்ப்பதற்காக, நான்கு முளைக்கணுக்களையும் ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்திருந்தேன். விளக்கம் எதுவும் தரவில்லை. நேற்று மாலை புலனத்தில் (வாட்ஸ்அப்) அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. நான்கு இடமும் சுத்தமாக இருக்கிறதாம். ஆனால் அன்று உலாவியிலிருந்தும் நான் நீக்கியிருந்த நீட்சி (எக்ஸ்டென்ஷன்), மகன் தன் கணக்கில் நுழைந்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டதாம். பையனின் மடிக்கணினியில் அதே நீட்சி இருப்பதை அவரே கண்டுபிடித்திருக்கிறார். "அப்ப அவன் கணக்கும் ஒரு மொளக்கணுதானே தம்பி?" என்று கேட்டிருந்தார்.

ஒத்திசைவு (சிங்க்) வழியாக நீட்சிகள் கணக்கோடு பயணம் செய்வதை நான் பட்டியலில் சேர்க்கத் தவறியிருந்தேன். இரு கணினிகளிலும் ஒத்திசைவை நிறுத்திவிட்டு, இரண்டிலும் நீட்சியை நீக்கி, அதன் பிறகே மறுபடி இணைக்கும்படி சொன்னேன். கையேட்டின் நான்காம் பக்கத்தில் ஐந்தாவது முளைக்கணுவாக உலாவிக் கணக்கைச் சேர்த்து, திருத்திய படியை இன்றிரவு தங்களுக்கு அனுப்புகிறேன்.