ரீயூனியன் தீவு: அம்மாவுடன் எங்கே போகலாம்?

கேள்வி: மே மாதம் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. ஆனால் மலையும் எரிமலையும் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். எதை விடக்கூடாது?

பதில்: மாய்தோ முனை! சுமார் 2,200 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட உச்சிவரை கார் போகும். கீழே மஃபாத் பள்ளத்தாக்கு. அங்கே சாலையே கிடையாது, நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போகவேண்டும். அவ்வளவு பெரிய பள்ளத்துக்குள் குட்டி குட்டி ஊர்கள், பார்த்துக்கொண்டே நிற்கலாம். காலை ஏறஏற மேகம் வந்து மூடிவிடும், அதனால் விடியும்போதே அங்கே இருங்கள். அம்மாவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம், மேலே நல்ல குளிர்.

இன்னொருவர்: அருவிக்கு சலாசி என்ற மலைப்பள்ளத்தாக்குப் பக்கம் போங்கள், சாலையிலிருந்தே தெரியும். சிலாவோஸ் என்ற மலையூருக்குப் போகும் பாதையில் நானூறுக்கு மேல் வளைவுகள், தலைசுற்றல் இருந்தால் வேண்டாம்.

கேட்டவர்: சரி, எரிமலை?

பதில்: பிதோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். எதிரே உள்ள பார்வைமுனைவரை கார் போகும். வழியில் செம்மண்ணும் கருங்கல்லுமாக ஒரு சமவெளி வரும், அங்கே கட்டாயம் இறங்குங்கள். அப்புறம் தென்கிழக்குக் கரை: 2007-இல் எரிமலைக்குழம்பு கடல்வரை ஓடி உறைந்த இடம் சாலையோரமே இருக்கிறது.