மலைக்கும் மீன்பிடிக்கும் கத்தி கொண்டுபோனபோது சோதனையில் நடந்தவை

நண்பர்களே, எனக்கு நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். புதிதாக மலையேற வரும் பிள்ளைகளில் வாரத்துக்கு ஒருவராவது "எந்தக் கத்தி வாங்கலாம் அண்ணா" என்று கேட்கிறார்கள். அதை எங்கே கொண்டுபோகலாம், எங்கே கூடாது என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டவனில்லை.

என்னிடம் இருப்பது சுவீடனில் செய்யும் மோரா கம்பேனியன். மடக்க முடியாத கத்தி. அலகு 10.4 சென்டிமீட்டர், ஆரஞ்சு நிறப் பிடி, கறுப்பு பிளாஸ்டிக் உறை. கயிறு அறுக்க, விறகு சீவ, வெங்காயம் நறுக்க என்று ஏழு வருடமாக எல்லாவற்றுக்கும் அதுதான். போன ஜனவரியில் தேனி மாவட்டத்தில் ஒரு மலைப்பாதைக்கு முறைப்படி அனுமதி வாங்கி நாலு பேர் போனோம். காலை ஆறரை மணி, சோதனைச்சாவடி. வனக் காப்பாளர் பைகளைத் திறக்கச் சொன்னார். பிளாஸ்டிக், மது, தீப்பெட்டி தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் பார்த்தது என் இடுப்பை.

"இது என்ன சார்?"

"சின்னக் கத்திதாங்க. ஒன்பது இன்ச்சுக்கு ரொம்பக் கீழ. லைசென்ஸ் தேவையில்ல."

"நீங்க சொல்றது ஆயுதச் சட்டம். இது சரணாலயம். இங்க வேற சட்டம்."

குரலை உயர்த்தவில்லை. கத்தியைக் கையில் வாங்கி, உறையிலிருந்து பாதி உருவி, கட்டை விரலால் முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார். "மானை அறுக்கிறவன் கையில இருக்கிறதும் இந்த அளவுக் கத்திதான் சார். அவனும் இதே மாதிரி பையைத்தான் மாட்டிக்கிட்டு வர்றான். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 31. தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்தில் முன் அனுமதி தராமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. எது ஆயுதம் என்று பிரிவு 2-லேயே விளக்கம் இருக்கிறது. துப்பாக்கி, வில் அம்பு, வெடிமருந்து, விஷம், கண்ணி, பொறி எல்லாம் வருகின்றன. அதே வரிசையில் கத்தியும் வருகிறது, வலையும் தூண்டில் முள்ளும்கூட வருகின்றன. நீளம், அகலம் என்று ஓர் அளவும் அங்கே இல்லை. தேசியப் பூங்காவுக்கும் இதே பிரிவு பொருந்தும்.

ஆகவே நான் செய்த தவறு இரண்டு. ஒன்று, காட்டுக்குள் ஆயுதச் சட்டத்தின் ஒன்பது அங்குலக் கணக்கைப் பேசியது. இன்னொன்று, நாங்கள் உள்ளே போக வாங்கிய அனுமதியிலேயே கத்திக்கும் அனுமதி இருக்கிறது என்று நினைத்தது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்து நடந்த பிறகு மலையேற்ற அனுமதியே எவ்வளவு கண்டிப்பாகிவிட்டது என்று நமக்கெல்லாம் தெரியும். அந்தத் தாளில் ஆட்கள் பெயர் இருக்கும், பாதை இருக்கும், தேதி இருக்கும். கத்தி இருக்காது.

அவர் நினைத்திருந்தால் வழக்குப் போட்டிருக்கலாம். பதிவேட்டைத் திறந்து "கத்தி 1, ஆரஞ்சுப் பிடி" என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேசை இழுப்பறையில் வைத்தார். சாயங்காலம் இறங்கி வந்ததும் இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

*

அண்ணா, நான் மதுரை. எனக்குக் கடல் தூண்டில்தான் பைத்தியம். மாதத்துக்கு இரண்டு தடவையாவது மண்டபம் பக்கம் போய்விடுவேன். மீனைத் துண்டு போட ஏழு அங்குல மெல்லிய அலகுக் கத்தி ஒன்று வைத்திருக்கிறேன். அதனால் எனக்கு இரண்டு அனுபவம் உண்டு. இரண்டும் அக்டோபர் மாதம், இரண்டும் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாலையில்.

செப்டம்பர், அக்டோபரில் அந்த மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பரமக்குடியில் செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், பசும்பொன்னில் அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி. முன்பு 144 என்போம். 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 163. அந்த நாட்களில் வழி நெடுக வாகனச் சோதனை.

முதல் தடவை கத்தி கார்க் கதவின் பக்கப் பையில் இருந்தது. தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில். முந்தின வாரம் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் பளபளவென்று இருந்தது. டார்ச் வெளிச்சம் அதில்தான் பட்டது. இறங்கச் சொன்னார்கள். தூண்டில் கம்புகள் டிக்கியில் இருக்கின்றன, வாருங்கள் காட்டுகிறேன் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "மீன் வெட்டுற கத்தி டிரைவர் கைக்கு எட்டுற இடத்துல எதுக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காவல் நிலையத்தில் உட்கார்ந்து, ஆதார் நகல் கொடுத்து, வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்து, விடிந்து எட்டு மணிக்கு அனுப்பினார்கள். கத்தி திரும்பி வரவில்லை. என் மனைவிக்கு இரவு ஒன்றரை மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த வருடம் அதே சாலை, அதே மாதிரி சோதனை. இந்த முறை கத்தி தூண்டில் பெட்டிக்குள், உறையில், கீழ்த்தட்டில். மேல்தட்டில் முள், ஈயக்குண்டு, நரம்புச் சுருள். பக்கத்தில் ஐஸ் பெட்டி, உள்ளே இரைக்கு வாங்கிய கணவாய். கேட்பதற்கு முன்னாலேயே "சார், பெட்டிக்குள்ள மீன் கத்தி ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். உதவி ஆய்வாளர் பெட்டியைத் திறந்தார். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் காய்ந்த செதில் இரண்டு ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "என்ன மீன் கிடைக்குது இப்ப?" என்றார். பாரை என்றேன். இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்.

இப்போது தடை உத்தரவு இருக்கும் நாட்களில் கத்தியே எடுப்பதில்லை. மீனை முழுசாக ஐஸில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் வெட்டிக்கொள்கிறேன். தேர்தல் நேரத்திலும் அப்படித்தான். பறக்கும் படை பணத்தைத் தேடி வண்டியை நிறுத்தினாலும் கண்ணில் படுவது கத்தியாகத்தான் இருக்கும்.

*

நானும் சின்னதாக ஒன்று சொல்கிறேன். குலு பக்கம் மலையேறிவிட்டு டெல்லி வழியாகத் திரும்பினோம். விமானத்தில் போகும்போது கத்தியை ஒப்படைக்கும் பெரிய பையில்தான் போட்டிருந்தேன், சிக்கல் இல்லை. திரும்பும்போது அதை மறந்துவிட்டு மெட்ரோ ஏறப் போனேன். ஸ்கேனரில் நின்றுவிட்டது. உள்ளே விட முடியாது, வைத்துவிட்டுப் போகவும் இடம் கிடையாது என்றார்கள். ஆட்டோ பிடித்துத்தான் போனோம். கூட வந்த பையன் மலையடிவாரக் கடைத்தெருவில் பட்டன் அமுக்கினால் திறக்கும் கத்தி ஒன்றை ஆசையாகப் பார்த்து விலை பேசினான். நல்லவேளை, வாங்கவில்லை. அந்த மாதிரி பொறி வைத்துத் திறக்கும் கத்திக்கு டெல்லியில் தனி அறிவிக்கையே இருக்கிறது. அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் இருந்தாலே அதில் வந்துவிடும். அதாவது மூன்று அங்குல நீளம். ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

*

வழக்கறிஞராக இருப்பதால் அந்த ஒன்பது அங்குலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அதைச் சொல்கிறார்கள், முழு வாக்கியத்தையும் யாரும் சொல்வதில்லை.

2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, ஐந்தாம் வகை. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால் அது ஆயுதக் கணக்கில் வரும். அந்த "அல்லது" முக்கியம். ஏழு அங்குலம்தான் நீளம், ஆனால் வயிறு அகன்ற கத்தி என்றால் அது இந்த அளவைத் தாண்டிவிடும். இப்போது நம் ஆட்கள் இணையத்தில் வாங்கும் கனமான "சர்வைவல்" கத்திகளை ஒரு தடவை அளந்து பாருங்கள். வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென்று வடிவமைத்தவற்றுக்கு விலக்கு இருக்கிறது. அதனால்தான் தேங்காய் வெட்டும் கத்திக்கும் கதிர் அரிவாளுக்கும் யாரும் உரிமம் கேட்பதில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் விளக்கமே, தாக்கவோ தற்காக்கவோ வடிவமைத்த பொருளா என்றுதான் கேட்கிறது. ஆகவே, சோதனையில் யாராவது "எதுக்குத் தம்பி கத்தி?" என்று கேட்டால் "ஒரு பாதுகாப்புக்குத்தான் சார்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். பாதி வழக்கை நீங்களே எழுதிக் கொடுப்பதற்குச் சமம் அது. உண்மையில் எதற்கு வைத்திருக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். அந்த வேலைக்கான மற்ற சாமான்களும் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, மனசு கேட்காமல் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பையன், நிஜமாகவே மலையேறுகிறவன், நல்ல பிள்ளை. கூடாரத்துக்கு முன்னால் நீளக் கத்தியைத் தோளில் சாய்த்து நின்று எடுத்த படத்தைப் பாட்டோடு இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தான். பட்டாக்கத்தியில் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போட்டுக் கைதாகும் செய்தி நம் ஊரில் அடிக்கடி வருகிறது. அந்தக் கண்ணோடுதான் போலீஸார் இதையும் பார்த்தார்கள். அவன் அம்மா என் அலுவலகத்தில் உட்கார்ந்து, "ஒரு போட்டோதானே சார்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கத்திப் படம் போடாதீர்கள் பிள்ளைகளே. மலையைப் படம் எடுங்கள்.

*

வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம். கிளை கழிக்க அரிவாள் எப்போதும் திருப்பாச்சேத்தியில்தான் வாங்குவோம், தாத்தா காலத்திலிருந்து. 2021 செப்டம்பரில் போலீஸார் அரிவாள் பட்டறைகளுக்கெல்லாம் சொன்னார்கள், வாங்குகிறவர் பெயர், முகவரி, செல்பேசி எண் எழுதி வைக்கச் சொல்லி. அதற்கப்புறம் போனபோது பட்டறைக்காரர், எங்களை இருபது வருடமாகத் தெரிந்தவர், நோட்டை நீட்டினார். எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். வத்தலக்குண்டு தாண்டிப் போலீஸார் வண்டியை நிறுத்தியபோது அந்தப் படத்தைத்தான் காட்டினேன். அரிவாளைச் சாக்கில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்ததையும் பார்த்தார்கள். போங்க என்றுவிட்டார்கள்.

*

எல்லோருக்கும் நன்றி. "பாதுகாப்புக்கு" என்று சொல்லக் கூடாது என்பதை எங்கள் குழுவில் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். போன மாதம்தான் ஒரு தம்பி அப்படிச் சொன்னதை நானே கேட்டேன்.

மேலே மலையில் கத்தி இல்லாமல் என்ன செய்வது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். தம்பி, பழத்தையும் ரொட்டியையும் வீட்டிலேயே வெட்டி டப்பாவில் போட்டுவிடுங்கள். கயிறுகளைத் தேவையான நீளத்துக்கு முன்பே வெட்டி முனையைத் தீயில் காட்டி வையுங்கள். காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது, அதனால் விறகு சீவும் வேலையே இல்லை. அதற்கும் மேல் ஒரு தேவை வந்தால், கூட வரும் வனத்துறைக் காவலர் கையில் அரிவாள் இருக்கும்.

பிப்ரவரியில் அதே பாதைக்குத் திரும்பப் போனோம். அதே காப்பாளர். பையைத் திறப்பதற்கு முன் என் இடுப்பைப் பார்த்தார். பெல்ட் மட்டும்தான் இருந்தது. பதிவேட்டில் நாலு பேர் பெயரை எழுதிவிட்டு, மேலே மூங்கில் பக்கம் யானை வந்திருக்கிறது, ஒன்பது மணிக்கு மேல் போங்கள் என்று சொல்லி, எங்களை உட்கார வைத்துக் கட்டஞ்சாயா கொடுத்தார்.