லயன் கிங் இரண்டாம் லெவல்: சவாலா, சதியா?

குரங்கிடம்_பந்து:
1994இல் சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் ஆகிய இரண்டு கன்சோல்களுக்கும் வந்த 'தி லயன் கிங்' பிளாட்ஃபார்மரை (ஓடித் தாவி முன்னேறும் கேம்) பலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நான் மூன்று நாளாக இரண்டாம் லெவலில் கிடக்கிறேன். குரங்குகள் சிங்கக்குட்டி சிம்பாவைப் பிடித்துத் தூக்கி எறிகின்றன. எந்தக் குரங்கைப் பார்த்துக் கர்ஜித்தால் எது திரும்பும், எந்த வரிசையில் திருப்ப வேண்டும் என்று ஒரு குறிப்பும் இல்லை. முதல் லெவல் தாலாட்டு மாதிரி, அடுத்ததே இப்படியா? குழந்தைகள் படத்தை வைத்துச் செய்த கேம் இது!

மெகாடிரைவ்_மாமா:
தம்பி, இளஞ்சிவப்புக் குரங்குகளைப் பார்த்துத்தான் கர்ஜிக்க வேண்டும். அவை திரும்பினால் எறியும் திசையும் மாறும். ஒருமுறை பிடிபட்டால் அப்புறம் மறக்காது. அதை விடுங்கள், சிம்பா நடக்கும் அழகைப் பார்த்தீர்களா? டிஸ்னி அனிமேட்டர்களே வரைந்து கொடுத்தது. பாதிக்கு மேல் குட்டி வளர்ந்து பெரிய சிங்கமாகிறது. உருவம் மட்டுமல்ல, சண்டையும் மாறுகிறது. குட்டியாக இருக்கும்போது கழுதைப்புலி களைத்து நிற்கும்வரை காத்திருந்து மேலே குதிக்க வேண்டும். வளர்ந்தபின் நகத்தால் கிழிக்கலாம். படத்தின் கதையைக் கைகளுக்கே புரியவைத்த கேம்கள் அன்று எத்தனை?

இடிச்சபுளி:
மாமா, அழகில் குறை இல்லை. ஆனால் அந்த லெவல் கடினமானதற்குக் காரணம் கலை இல்லை, கேம்களை வாடகைக்கு விட்ட கடை. கேமைச் செய்த வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸின் நிறுவனர்களில் ஒருவர் லூயி காசில். வாடகைக்கு எடுப்பவர்கள் சீக்கிரம் முன்னேறிவிட்டால் கேமை வாங்க மாட்டார்கள் என்று டிஸ்னி கருதியதாகவும், அதனால்தான் தொடக்கத்திலேயே கடினமாக்க நேர்ந்ததாகவும் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

குரங்கிடம்_பந்து:
பார்த்தீர்களா! வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். இது சவால் இல்லை, கல்லாப்பெட்டி.

மெகாடிரைவ்_மாமா:
காரணம் கல்லாவாக இருக்கட்டும், விளைந்தது என்ன? வில்டபீஸ்ட் மந்தை திரையை நோக்கிப் பாய்ந்து வரும் நாலாவது லெவலை மறக்க முடியுமா? பத்தே லெவல் உள்ள கேம். இரண்டாவது சுலபமாக இருந்திருந்தால் ஒரே மதியத்தில் முடிந்திருக்கும்.

குரங்கிடம்_பந்து:
முடியட்டுமே! இடையில் சேமிக்கவும் வழியில்லை, பாஸ்வேர்டும் இல்லை. கன்டினியூ, அதாவது செத்தபின் தொடரும் வாய்ப்பு, தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைசிச் சண்டையை எட்டியவர்கள் சொல்வது இன்னும் மோசம். வில்லன் ஸ்காரை எவ்வளவு அடித்தாலும் சாக மாட்டானாம், பாறை விளிம்பில் வைத்துத் தூக்கி எறிய வேண்டுமாம். அதையும் கேம் சொல்லாதாம்.

மெகாடிரைவ்_மாமா:
சரி, ஸ்கார் விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். நானும் அங்கே வெறும் அடியாக அடித்துக்கொண்டே இருந்தவன்தான்.

இடிச்சபுளி:
செய்தவர்களுக்கே தெரிந்திருக்கும் போல. சூப்பர் நின்டெண்டோவில் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பி, ஏ, ஆர், ஆர், ஒய் அழுத்துங்கள், லெவலைத் தேர்ந்தெடுக்கும் வசதி திறக்கும். கன்சோல்காரர்கள் குரங்கிடம் மாட்டினீர்கள். விண்டோஸுக்குத் தனியாக வந்த 'லயன் கிங் அனிமேட்டட் ஸ்டோரிபுக்' வாங்கியவர்கள் நிலைமை அதைவிடப் பாவம்: 1994 கிறிஸ்துமஸில் பல காம்பாக் கணினிகளில் அது திறக்கவே இல்லை. விண்டோஸில் கேம்கள் ஓட உதவும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் பிறந்ததற்கு அந்தக் கூத்தும் ஒரு காரணம்.

மெகாடிரைவ்_மாமா:
சீட் கோடு சொல்லிக் கொடுத்துப் பையனைக் கெடுக்காதீர்கள். தம்பி, 2019 மறுவெளியீடு என்றால் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்ட் இருக்கிறதே, அதையாவது பயன்படுத்துங்கள்.

குரங்கிடம்_பந்து:
மாமா, ரீவைண்ட் இல்லாமலே குரங்குகளைத் தாண்டிவிட்டேன்! நீங்கள் சொன்ன இளஞ்சிவப்புக் கணக்கு சரிதான். இப்போது தீக்கோழிச் சவாரி. காண்டாமிருகம் வந்தால் தாவு, பறவைக்கூடு வந்தால் குனி. நான் ஒழுங்காக மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறேன், அதாவது கூட்டுக்குத் தாவி, காண்டாமிருகத்துக்குக் குனிந்து. இன்றைக்குப் பதினாலாவது சாவு.