இடுப்பில் பிஸ்டல்: புதுசில் பட்ட பாடு

சுபாங் அண்ணன்:

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரக் கடைசியில் சுபாங் துப்பாக்கி சுடும் அரங்குப் பக்கம் போவேன். புதிதாக லைசன்ஸ் கிடைத்தவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, கிளாக் வாங்கவா, வால்தர் வாங்கவா?" எதை வாங்கினாலும் சுடும் ஐயா. உறை எது, பெல்ட் எது, தாண்டாஸுக்கு, அதாவது கழிப்பறைக்குப் போனால் எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டதில்லை. புதுசில் எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான்.

நம் மலேசியாவில் கைத்துப்பாக்கி லைசன்ஸ் எளிதில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவர் சம்மதித்தால்தான் உண்டு. வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். அதனால் இதைப் பற்றிப் பேச ஆள் குறைவு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

மஃப்டியில் இருந்தபோது, இடுப்பில் சாமான் வைத்திருப்பவனை நாங்கள் கண்டுபிடிப்பது புடைப்பைப் பார்த்து அல்ல, கையைப் பார்த்து. காரிலிருந்து இறங்கியதும் முழங்கை தானாக விலாவை உரசும். நாற்காலியை விட்டு எழுந்தால் சட்டையை ஒரு பக்கம் மட்டும் இழுத்து விடுவான். இதெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தார்கள், நானும் தலையாட்டிக் கேட்டேன். பிறகு முதல் தடவையாகச் சொந்த இடுப்பில் ரிவால்வரைச் செருகிக்கொண்டு கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைவீதியில் நோட்டம் பார்க்கப் போனேன். பூக்கடையில் சரம் தொடுத்துக்கொண்டிருந்த அக்கா தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார்: "என்ன தம்பி, இடுப்பு வலியா, இல்ல போலீசா?"

காரணம், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பெல்ட். தோட்டாவோடு முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கிற சாமான் மெல்லிய பெல்ட்டில் நிற்காது. வெளிப்பக்கம் சாயும், கீழே தொங்கும், கை அதைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மடிப்புத் தோல் வைத்துத் தைத்த கெட்டியான பெல்ட் மாற்றிய பிறகுதான் கை அடங்கியது. சட்டை விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. அரசாங்க ஊழியர்கள் வியாழக்கிழமை போடும் பாத்திக் சட்டை இருக்கிறதே, அதைவிட நல்ல மறைப்பு கிடையாது. வெளியே விட்டுப் போடுவது, துணி விறைப்பு, பூவும் இலையுமாய்க் கண்ணை வேறு பக்கம் இழுத்துவிடும். மெல்லிய பனியன் சட்டை போட்டால் கோலாலம்பூர் வெயிலில் பத்தடி நடப்பதற்குள் வியர்வையில் ஒட்டி, துப்பாக்கியின் படமே வரைந்துவிடும்.

அடுத்தது தாண்டாஸ். சிரிக்க வேண்டாம். 2015இல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் காவலர்களே துப்பாக்கியைக் கழிப்பறையில் மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒன்றைக் கண்டெடுத்தது ஏழெட்டு வயதுக் குழந்தை. குந்தி உட்காரும் தாண்டாஸில் கால்சட்டையை இறக்கினால் உறை கவிழும். புதுப் பையன்கள் எடுத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் வைப்பார்கள். அப்புறம் போன் அடிக்கும், பேசிக்கொண்டே வெளியே வந்துவிடுவார்கள். உறையை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. உறையோடு கால்சட்டைக்குள்ளேயே, இரண்டு காலுக்கும் நடுவில் கிடக்க வேண்டும். அதை எடுக்காமல் எழுந்திருக்க முடியாது.

பினாங்கு கடைக்காரர்:

வணக்கம். லிட்டில் இந்தியாவில் எங்களுக்குக் குடும்ப நகைக்கடை. அப்பா வைத்திருந்தது ரிவால்வர், என் பெயரில் வந்தது பிஸ்டல். ரிவால்வரில் சிலிண்டரைத் தள்ளினால் தோட்டா எல்லாம் கண்ணெதிரே இருக்கும், மிச்சம் எதுவும் ஒளிந்துகொள்ளாது. பிஸ்டலில் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் மாலை கை வேறு வரிசையில் வேலை செய்தது.

ஷட்டர் இறக்கியாயிற்று. வேலைக்காரப் பையன் சங்கிலித் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். துடைத்து வைக்கலாம் என்று பிஸ்டலை எடுத்தேன். முதலில் ஸ்லைடை, அதாவது மேலே நகரும் பகுதியை, இழுத்தேன், ஒரு தோட்டா வெளியே குதித்தது. பிறகு கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றினேன். இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பழகினவர்களுக்குத் தெரியும்: ஸ்லைடு திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலின் பின்பக்க அறைக்குள் ஏற்றிவிடும். என் கணக்கில் துப்பாக்கி காலி. நான் வைத்திருந்தது கிளாக். அதில் ஸ்லைடைப் பிரித்தெடுக்க முதலில் டிரிகரை ஒரு தடவை அழுத்தியாக வேண்டும். அழுத்தினேன்.

மூடிய அறைக்குள் அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. காது அடைத்துப் போய், கொஞ்ச நேரம் பையனின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. கல்லா மேசைப் பலகையைத் துளைத்து, அடியில் கட்டி வைத்திருந்த பழைய கணக்குப் புத்தகங்களில் குண்டு நின்றுவிட்டது. பையன் மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான், தட்டை நெஞ்சோடு அணைத்தபடி. ஒரு சங்கிலிகூடக் கீழே விழவில்லை. குழல் அவன் பக்கம் திரும்பாமல் இருந்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. சின்ன வயதில் தண்ணீர்த் துப்பாக்கியை ஆள் மேல் நீட்டினாலே அப்பா கையில் அடிப்பார்.

அன்று இரவே பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போய் ரிப்போர்ட் செய்தேன். விசாரணை முடியும் வரை பிஸ்டல் அவர்களிடம்தான் இருந்தது. இப்போதெல்லாம் மேகசின் முதலில், ஸ்லைடு பிறகு, அதற்கப்புறம் சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பேன். கண்ணை நம்புவதில்லை.

இன்னொன்று, இது அதிகம் பேருக்குத் தெரியாது. தினமும் ராத்திரி தோட்டாவை இறக்கிவிட்டு, காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தேன். சுடும் அரங்கில் ஒரு பெரியவர் அதை வாங்கி, புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். என்னுடையது குள்ளமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அறைக்குள் முட்டி முட்டி, நுனிக் குண்டு பித்தளைக் குப்பிக்குள் அமுங்கிப் போயிருக்கிறது. அப்படி அமுங்கினால் வெடிக்கும்போது உள்ளழுத்தம் எகிறும், துப்பாக்கியே உடையலாம். லைசன்ஸில் தோட்டாவுக்கும் அளவு போட்டுத்தான் தருகிறார்கள், அதனால் மிச்சம் பிடித்தேன். எதில் மிச்சம் பிடிப்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா!

தாய்லாந்து ஹட்யாய்க்குக் கிளம்பிய கதை எங்கள் வீட்டில் இன்றும் ஓடும். பினாங்குக்காரன் சனி ஞாயிறு என்றால் வண்டியை வடக்கே விடுவான், அது பழக்கம். குடும்பத்தோடு கிளம்பி எல்லைப் பக்கம் சாங்லுன் வரை போய்விட்டோம். பாஸ்போர்ட்டை எடுக்கக் குனிந்தபோது இடுப்பில் குத்தியது. மலேசிய லைசன்ஸ் தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் வெறும் காகிதம். மேற்கொண்டு பேச்சில்லை, வண்டியைத் திருப்பினேன். பிள்ளைகள் தஞ்சோங் தோக்கோங் வரும் வரை என்னோடு பேசவில்லை.

பட்டர்வொர்த் அக்கா:

நான் கொஞ்ச காலம் மெய்க்காவலராக இருந்தேன், பெரிய வீட்டு அம்மா ஒருவருக்கு. ஆண்களுக்குப் பெல்ட் இருக்கிறது, பாத்திக் இருக்கிறது. பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டு நான் எங்கே வைப்பது? கைப்பையில் வைத்தேன். பெண்கள் எல்லாரும் முதலில் செய்வது இதுதான், எல்லாரும் விட்டொழிக்க வேண்டியதும் இதுதான்.

பிறையில் கடைவீதி ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த மோட்டார்க்காரன் பையை வெட்டி இழுத்தான். வார் தோளில் குறுக்காக இருந்ததால் பை போகவில்லை, நான் போனேன், தார் ரோட்டில் முழங்கால் இரண்டும் உரிந்து. பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கிவிட்டு, "போனா போகுது, விட்டிருக்கலாம்லா, பணம்தானே" என்றார்கள். பணமாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். அந்தப் பையன் அன்று பர்ஸ் என்று நினைத்து ஒரு பிஸ்டலை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அதற்கப்புறம் என் லைசன்ஸ் என்ன ஆவது, முதலில் அந்தப் பிஸ்டல் எங்கே போய் நிற்கும்?

பையில் வேறு என்னவெல்லாம் கிடந்தது என்று அன்று ராத்திரி கொட்டிப் பார்த்தேன். சாவிக்கொத்து, சீப்பு, உதட்டுச் சாயம், கோயில் திருநீற்றுப் பொட்டலம், எல்லாம் ஒரே அறையில். டிரிகர் வளையத்துக்குள் பேனா மூடியின் கொக்கி நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. 2014 டிசம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்து வால்மார்ட் கடையில், இரண்டு வயதுப் பிள்ளை அம்மாவின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, அது வெடித்து, அம்மாவே செத்துப்போனது நினைவிருக்கிறதா? கைப்பையிலேயே துப்பாக்கிக்கென்று ஜிப் வைத்த தனி அறை இருந்ததாம். நான் வைத்திருந்த பையில் அதுகூட இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கைப்பை இருந்தால் ஒரு கை அதிலேயே போய்விடும். மெய்க்காவலர் வேலையில் நம் ஆளை இழுத்துக் கீழே தள்ளக் கை வேண்டும், சுடுவது கடைசி. 2024 ஏப்ரல் 14 அன்று கேஎல்ஐஏ விமான நிலையத்தில் ஒருவன் மனைவியைக் குறிவைத்துச் சுட்டானே, குண்டு பட்டது அந்த அம்மாவின் மெய்க்காவலருக்கு. அந்த மாதிரி நேரத்தில் ஜிப்பைத் தேட முடியுமா? பிறகு வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டைக்கு மாறினேன், டிரிகரை மூடும் கெட்டி உறை தைத்தது. வியர்க்குரு வந்தது. பரவாயில்லை.

ஹூஸ்டன் தம்பி:

அண்ணே, அக்கா, வணக்கம். சொந்த ஊர் கிள்ளான், இப்போது டெக்சஸில் வேலை. இங்கே நிலைமையே வேறு. 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது ஆனவர்கள், சட்டப்படி தடை எதுவும் இல்லையென்றால், லைசன்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். ஆனால் லைசன்ஸ் வேண்டாம் என்றதும் விதியே இல்லை என்று நினைத்ததுதான் என் கோளாறு. நண்பன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டான், போனேன். கதவில் சிவப்பு எழுத்தில் பெரிதாக 51% என்று இருந்தது. ஏதோ தள்ளுபடி என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்! மதுவில் பாதிக்கு மேல் வருமானம் வருகிற இடம், துப்பாக்கியோடு நுழையவே கூடாது என்பதற்கான பலகையாம் அது. பக்கத்தில் இருந்த டெக்சஸ்காரர் என் சட்டையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். எழுந்து போய்விட்டேன்.

ஆனால் என்னைத் தூங்க விடாதது வேறு ஒன்று. சுடும் அரங்குக்குக் கொண்டுபோகிற அதே முதுகுப் பையைத்தான் ஊருக்கு வரும்போதும் கொண்டு வருவேன். தீபாவளிக்குக் கிளம்ப மூட்டை கட்டும்போது என் மனைவி அதைத் தலைகீழாகப் பிடித்து உதறினார், பழைய மிட்டாய்க் காகிதம் கொட்டட்டும் என்று. காகிதத்தோடு ஒரு 9 மில்லி தோட்டாவும் டக்கென்று தரையில் விழுந்தது. 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. "மறந்துட்டேன்" என்று சொன்னவர்கள் அதில் எத்தனை பேரோ. இது ஒரு தோட்டாதான். இதற்கு நம் ஊரில் என்ன ஆகும் அண்ணே?

சுபாங் அண்ணன்:

தம்பி, உங்கள் மனைவிக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுங்கள். நம் ஆயுதச் சட்டத்தில் லைசன்ஸ் இல்லாத தோட்டாவும் துப்பாக்கியும் ஒரே பிரிவில்தான் வரும், 8ஆம் பிரிவு. ஏழு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியே என்றால், தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சேரும்: பதினான்கு வருடம் வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. "டெக்சஸில் இது சகஜம் சார்" என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அரங்குக்கு ஒரு பை, பயணத்துக்கு வேறு பை. துவைத்தாலும் அதை இதாக ஆக்க வேண்டாம்.

கடைக்காரர் ஐயாவுக்கு ஒன்று. ரோடு பிளாக்கில் நிறுத்தினால் "பிஸ்டல்" என்ற வார்த்தையை முதலில் எடுக்காதீர்கள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். "எஞ்சே, சாயா அடா லெசென் செஞ்சாத்தா அப்பி" (ஐயா, என்னிடம் துப்பாக்கி லைசன்ஸ் இருக்கிறது) என்று லைசன்ஸிலிருந்து தொடங்கி, சாமான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்ன செய்யச் சொல்கிறாரோ அதை மட்டும் செய்யுங்கள். ஆர்வக் கோளாறில் எடுத்துக் காட்டப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரே நிற்கிற சின்னப் போலீஸ்காரனுக்கும் இடுப்பில் ஒன்று இருக்கிறது, அவன் கையும் நடுங்கும்.

செராஸ் புதுமுகம்:

இப்போதுதான் லைசன்ஸ் வந்தது அண்ணே. இரண்டு சந்தேகம். தோல் உறை ஒரே மாதத்தில் பூஞ்சை பூக்கிறது, என்ன செய்வது? அடுத்த வாரம் அக்கா மகள் கல்யாணம், வேட்டியில் எப்படி வைப்பது?

சுபாங் அண்ணன்:

நம் ஊர் ஈரத்துக்குத் தோல் தாங்காது. அதோடு ஊறிப்போன தோல் வாய்ப்பக்கம் மடிந்து, செருகும்போது டிரிகரையே அழுத்தும். கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்கு மாறுங்கள். வாய் மூடிக்கொள்ளாததாக, டிரிகர் வளையம் முழுக்க மறைவதாகப் பாருங்கள். செருகும்போது சட்டை நுனியை மறு கையால் தூக்கிப் பிடித்து, குனிந்து பார்த்துச் செருகுங்கள். அவசரமே இல்லை. ராத்திரி உடம்புப் பக்கம் படுகிற ஸ்லைடைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய், வியர்வை உப்பு இரும்பை விடாது. கீழே நழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள். இப்போதைய பிஸ்டல் விழுந்து வெடிப்பது அபூர்வம், பிடிக்கப் போகிற விரல் டிரிகரில் மாட்டித்தான் வெடிக்கும்.

வேட்டி கட்டினால் பிஸ்டல் வீட்டில், இரும்புப் பெட்டியில். கல்யாணத்தில் அத்தைமார் பத்துப் பேர் கட்டிப் பிடிப்பார்கள், ராத்திரி விருந்தில் மச்சான் கிளாஸை நீட்டுவான். சாவியை வேண்டுமானால் அரைஞாணில் கட்டிக்கொண்டு போங்கள்.