உதவி: கட்டுரைக்கு முன்னுரை எழுத வரவில்லை

கொழிஞ்சாம்பாறை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. தமிழ் வழியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளிக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு 'நீரும் நம் பொறுப்பும்'. ஆழியாற்றுத் தண்ணீர், ஆழ்துளைக் கிணறு, தென்னைக்குச் சொட்டுநீர் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டேன். முன்னுரைதான் இடிக்கிறது. இப்போது இருப்பது இது:

"நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். உலகில் உயிர்கள் வாழ நீர் மிகவும் இன்றியமையாதது. மனிதன் முதல் புழு பூச்சி வரை அனைத்துக்கும் நீர் தேவை. ஆகவே நீரைப் பற்றி இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்."

டீச்சர் படித்துவிட்டு, "போன வருஷமும் இதையேதான் திருத்தினேன்" என்று திருப்பித் தந்துவிட்டார். குறளை எடுத்துவிட்டால் கட்டுரை மாதிரியே இல்லையே, என்ன செய்வது?

பொள்ளாச்சி தமிழாசிரியர் (ஓய்வு):
கண்ணு, இரண்டாம் வரியிலும் மூன்றாம் வரியிலும் நீருக்குப் பதில் காற்று என்று போட்டுப் பார். அப்படியே பொருந்தும். எந்தத் தலைப்புக்கும் ஒட்டுகிற வரியைத் திருத்துகிறவர் படிக்க மாட்டார், தாண்டிவிடுவார். 'விரிவாகக் காண்போம்' வேண்டவே வேண்டாம். குறளைப் போட்டே ஆக வேண்டுமென்றால் 'நீரின்று அமையாது உலகெனின்' என்று சரியாகப் போடு.

சரி, மூன்று பக்கத்திலும் நீ சொல்ல வருவது என்ன? ஒரே வரியில் இங்கே எழுது. அது இல்லாமல் முன்னுரையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

வாளையார் வாசகர்:
பிளாச்சிமடையில் தொடங்கு தங்கச்சி. உங்கள் தாலுகாதான். நிலத்தடி நீரை எடுத்த குளிர்பான ஆலைக்கு எதிராக 2002இல் போராட்டம், 2004இல் ஆலை நின்றது. சூடான தொடக்கம், யாரும் மறுக்க முடியாது.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
ஒரு வரி: மேலே தமிழ்நாட்டிலிருந்து ஆழியாற்றில் வருகிற தண்ணீருக்குக் கணக்குக் கேட்கிறோம், நம் தோட்டத்தில் எடுக்கிற தண்ணீருக்குக் கணக்கு வைப்பதில்லை. இது கடைசிப் பக்கத்தில் வருகிறது சார்.

பொள்ளாச்சி தமிழாசிரியர் (ஓய்வு):
அடடா, இதைப் போய்க் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறாயே!

வடகரப்பதி அக்கா:
வாளையார் தம்பி சொல்வது இந்தக் கட்டுரைக்கு ஆகாது. பிளாச்சிமடையில் தண்ணீரை எடுத்தது வெளியாள். இவள் சொல்வது நாமே எடுப்பதை. அங்கே தொடங்கினால் படிப்பவர் வேறொரு சண்டைக்குத் தயாராகிவிடுவார். உள்ளே ஒரு பத்தியில் வைக்கலாம். அதோடு நம் பக்கம் போட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதில்தான் தொடங்குவார்கள்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
இப்போது எழுதியது:

"தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவு தடுப்பணை வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குறைந்தால் ரோட்டில் உட்காருவோம். எங்கள் தோட்டத்து மோட்டார் நேற்று எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டால் அப்பா யோசிக்கிறார். வரும் தண்ணீருக்குக் கணக்குக் கேட்கும் நாம், எடுக்கும் தண்ணீருக்குக் கணக்கு வைப்பதில்லை."

பொள்ளாச்சி தமிழாசிரியர் (ஓய்வு):
பலே. 'அப்பா யோசிக்கிறார்' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அதற்கு விளக்கம் எதுவும் சேர்க்காதே. 'சின்னப் பிள்ளைக்கும்' மிகை, 'பலருக்கும்' போதும். 1970இல் இரண்டு மாநிலமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம், ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, இதெல்லாம் அடுத்த பத்திக்குப் போகட்டும். முன்னுரையில் ஒரு எண்ணுக்கு மேல் தாங்காது.

வடகரப்பதி அக்கா:
ஒரு எச்சரிக்கை. இது போட்டிக்குத்தான். பரீட்சையில் குறிப்புகள் கொடுத்து எழுதச் சொன்னால் முன்னுரை என்று தலைப்பிட்டு ஐந்தாறு வரியில் முடித்துவிடு. அங்கே நேரம்தான் முக்கியம்.

அப்புறம், முன்னுரை மோட்டாரில் முடிகிறது, ஆனால் உன் முதல் பத்தி ஆழியாற்றில் தொடங்குகிறது. முன்னுரையை மட்டும் மாற்றினால் போதாது. ஒப்பந்தத்தை நாலு வரியில் முடித்துவிட்டு ஆழ்துளைக் கிணற்றை முன்னால் கொண்டு வா.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
அப்படியென்றால் இரண்டாம் பக்கத்தை முழுதாகத் திருப்பி எழுத வேண்டும் அக்கா. வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது, எழுதுகிறேன். குறளை எங்கே வைப்பது?

பொள்ளாச்சி தமிழாசிரியர் (ஓய்வு):
இடம் கிடைத்தால் வை. கிடைக்காவிட்டால் வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.